மத்தியான நேரத்தை வாங்கியவர்கள்

"குஞ்சப்பனை தாண்டறதுக்குள்ள ரெண்டு வாட்டி வண்டிய நிறுத்தச் சொல்ற புள்ளை நீ. உனக்கு எதுக்கு அம்மணி ஏரோப்ளேன் கம்பெனி வேலை?"

அரவேணு பஸ் நிறுத்தத்து டீக்கடையில், நாலைந்து பேர் டம்ளரும் கையுமாக நின்றிருக்கும்போது கடைக்கார மாமா இப்படிக் கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. கடை போடுவதற்கு முன்பு அவர் ஒரு மினிபஸ்ஸின் கண்டக்டர். அந்த வண்டிக்கு என் அப்பா டிரைவர். கல்யாணம், காதுகுத்து என்று மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போதெல்லாம் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் பஸ் ஏறுவோம். வளைவுகளில் வாந்தி எடுக்கும் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையும் கையில் ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்துவிடுவது மாமாதான்.

"ஏரோப்ளேன்ல ஏறச் சொல்லலைங்க மாமா. டிக்கெட் போடத்தான் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"அப்ப சரி. மச்சான், கேட்டீங்களா? உங்க புள்ளையும் நம்ம ஜாதிதான். டிக்கெட் கிழிக்கற ஜாதி!"

அப்பா டம்ளரை வைத்துவிட்டு முறைத்தார். "பி.காம் படிச்ச புள்ளைய டிக்கெட் கிழிக்கறவன்னு சொல்றீங்களா? அவ கம்ப்யூட்டர்ல அடிக்கறவ."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு பஸ் பலகையில் உள்ள ஊர்ப்பெயர்களை உருவமாகத் தெரியும், எழுத்தாகத் தெரியாது. 'கோத்தகிரி' என்றால் முதலில் ஒரு கொம்பு, நடுவில் ஒரு சுழி என்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து குன்னூருக்குப் போய், ஒரு விமானக் கம்பெனியின் பெயர் அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிய முதல் நாள் காலையில் நான் எவ்வளவு நிமிர்ந்து நடந்தேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது. கழுத்து வலித்தது.

அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கறகறவென்று சத்தமிடும் ஒரு பிரிண்டர். அலமாரியின் மேல் இரண்டு விசிறி வைத்த ஒரு பொம்மை விமானம். எங்கள் கம்பெனியின் நிஜ விமானங்களும் அப்படி விசிறி வைத்தவைதான். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் இன்னும் சில சின்ன ஊர்களுக்கும் பறந்தன. பெரிய கம்பெனிகள் எட்டிப்பார்க்காத ஊர்களுக்குப் போவதுதான் எங்கள் பிழைப்பு.

காலையில் கீழேயிருந்து வர்க்கி வேகும் வாசனை ஏறி வரும். பதினோரு மணிக்கு மேல் மூடுபனி ஏறி வரும். பனி வந்துவிட்டால் காகிதமெல்லாம் ஈரமாகி பிரிண்டரில் சிக்கும். அதற்காக ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு, காகிதக் கட்டுகளை அதற்குள் அடுக்கி வைத்திருந்தோம். கோழிக்குஞ்சு வளர்க்கிறோம் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் உண்டு.

அலுவலகத்தின் பொறுப்பாளரை நான் சார் என்று கூப்பிடுவேன். கோயம்புத்தூர்க்காரர். மலைக்கு வேலைக்கு வந்து, குளிருக்குப் பழகி, கீழே போனால் வியர்க்கிறது என்று அங்கேயே தங்கிவிட்டவர். எங்களிடம் வருகிறவர்கள் யாரென்று ஆளைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். போர்டிங் பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு அழுத கண்ணோடு வரும் அம்மாக்கள். மாற்றலாகிப் போகும் வெலிங்டன் ராணுவக் குடும்பங்கள். தேயிலை ஏலத்துக்காக வந்து போகிறவர்கள். சென்னை மண்டியில் கணக்குப் பார்க்கப் போகும் காய்கறி வியாபாரிகள். இவர்களில் யாரும் விமானத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். "ரோடு எப்படிங்க இருக்கு?" என்றுதான் கேட்பார்கள்.

மலையில் விமானப் பயணம் என்பது பாதிக்கு மேல் ரோட்டுப் பயணம். ஒரு மழைக்கு மண் சரிந்தால் குன்னூர் ரோடு அடைபடும். எல்லா வண்டியும் கோத்தகிரி சுற்றித்தான் இறங்க வேண்டும். பலா பழுக்கும் காலத்தில், மலையிறங்கும் வழியில் பர்லியார் பக்கம் யானை இறங்கி நடுரோட்டில் நிற்கும். அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எங்களிடம் அதிகம் விற்பது மத்தியானம் இரண்டரை மணிக்குக் கிளம்பும் சென்னை விமானம். டிக்கெட் வைத்துக் கொடுக்கும் உறையின் மேல் சார் சிவப்பு மையில் பெரிதாக '1.30' என்று எழுதுவார். சரியான நேரம் உள்ளே டிக்கெட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். அதை யாரும் படிக்கமாட்டார்கள்.

"ரோடு நம்ம கையில இல்லம்மா. பேனா நம்ம கையில இருக்கு" என்பார் சார்.

புதியவர்கள் அதை நம்பி சீக்கிரமே போய், விமான நிலையத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பழையவர்களுக்கு இது தெரியும். வானம் தெளிவாக இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு மெதுவாகக் கிளம்புவார்கள். மழை பெய்தால் கழிக்கமாட்டார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் ஏற்பாடு அது. அதையும் மீறித் தாமதமானால் சார் விமான நிலையத்துக்குப் போன் போடுவார். "ரெண்டு ஃபேமிலி பர்லியார்ல நிக்குதுப்பா. யானை நிக்குதாம். கவுன்டரை மூடிறாதீங்க." அங்கேயும் எங்கள் ஆட்கள்தான். "யானைக்கிட்ட நேரத்தச் சொன்னீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுப்பார்கள்.

மூன்று வருடம் இப்படிப் போனது. என் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் எவை என்று கேட்டால் யோசிக்காமல் அவற்றைத்தான் சொல்வேன்.

ஒரு நாள் காலை சார் ஆங்கிலப் பேப்பரை மடித்து என் மேசையில் வைத்தார். எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கப் போகிறதாம். அதுவும் எங்களைப் போலவே சின்ன ஊர்களுக்குப் பறக்கும் கம்பெனி. தலைமை அலுவலகம் பெங்களூரில். எங்களை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

"நஷ்டத்துல ஓடறத எவம்மா வாங்குவான்? ஒண்ணு அவனுக்குப் புத்தி கெட்டிருக்கணும். இல்ல நமக்குத் தெரியாம நம்மகிட்ட ஏதோ புதையல் இருக்கணும்" என்றார் சார்.

நான் சிரித்தேன். ஆனால் சாயங்காலம் கோத்தகிரி பஸ்ஸில் வீடு திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. இதே மாதிரி ஒரு விற்பனையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருந்தேன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பா ஓட்டிய மினிபஸ்ஸின் முதலாளிக்கு அந்த ஒரு வண்டிதான் உண்டு. தரைத்தகட்டில் ஓட்டை. கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அதை வாங்க வந்தவருக்கு ஏற்கெனவே இரண்டு மினிபஸ் இருந்தது. அவர் எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. டயரை உதைத்துப் பார்க்கவில்லை. காலை நேரத்தில் நிறுத்தத்தில் வந்து நின்று, எங்கள் வண்டியில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"வண்டியப் பாக்கவே இல்லைங்க மச்சான். ஏறுற ஆளைப் பாத்துட்டுப் போறாரு. இவரு வண்டி வாங்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?" என்று மாமா அன்றைக்குச் சிரித்தார்.

அவர் வாங்கியது எங்கள் வண்டியின் நேரத்தை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் டீ ஃபேக்டரி ஆட்களும் ஏறும் காலை நேரம் எங்கள் பர்மிட்டில் இருந்தது. புதிதாக அப்படி ஒரு நேரம் கேட்டால் கிடைக்காது. இன்னொரு காரணமும் இருந்தது. அவருடைய வண்டி எங்கள் வண்டிக்குச் சற்றுப் பின்னால் வரும். இரண்டும் வளைவுக்கு வளைவு முந்தப் பார்க்கும். இரண்டிலும் பாதி சீட் காலி. வாங்கியபின் அந்தப் போட்டி நின்றது. எங்கள் பழைய வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, அந்த நேரத்தில் தன் வண்டியை ஓட்டினார்.

"முன்னெல்லாம் ஒண்ணு போனா இன்னொண்ணு வரும். இப்ப போனது போனதுதான்" என்றாள் அம்மா. மழையில் நின்று நனைந்தவள் அவள்தான்.

அப்பாவின் வேலையும் வண்டியோடு போனது. புது முதலாளி தன் டிரைவரை அனுப்பினார். எஸ்டேட்டுக்குள் போகும் ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு முறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். வந்த டிரைவர் முதல் வாரத்திலேயே வண்டியைச் சுவரில் உரசினார். அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் மாமாவைக் கூப்பிடவில்லை. டிக்கெட் பையை முதலாளியின் மைத்துனர் தோளில் மாட்டிக்கொண்டார். மாமா டீக்கடை வைத்தது அதற்குப் பிறகுதான்.

ஓட்டுகிறவருக்கு இடம் உண்டு, டிக்கெட் போடுகிறவருக்கு இல்லை. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு இறங்கும் வரை இதையே யோசித்தேன்.

அதன்பின் விமான நிலையத்து ஆட்கள் போனில் கிடைக்கும்போதெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். நான் நினைத்தது பெரும்பாலும் சரிதான் என்று தெரிந்தது. புதுக் கம்பெனியிடமும் எங்களுடையதைப் போன்ற அதே விசிறி விமானங்கள்தான். பைலட்டுகளை மேலே இருந்து யாரோ ஏற்கெனவே கூப்பிட்டுப் பேசிவிட்டார்கள். மெக்கானிக்குகளையும் கூப்பிட்டார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை.

"நம்மளையும் கூப்பிடுவாங்களா சார்?"

"நமக்கு என்னம்மா குறைச்சல்? பொம்மை விமானம் நம்மகிட்டதான இருக்கு" என்றார் சார். அவர் ஓய்வு பெற அதிக நாள் இல்லை. எனக்கு வேலை பார்க்கும் வயதே அப்போதுதான் தொடங்கியிருந்தது.

விற்பனை முடிந்தது. ஆட்கள் வந்து பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள். பழையதை விடச் சின்னது. சுற்றிலும் பழைய பலகையின் அழுக்குக் கோடு தெரிந்தது. உறைகளை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் டிக்கெட் போட்டதும் பயணிகளின் செல்போனுக்கு பெங்களூரிலிருந்து நேராக மெசேஜ் போகும். விமானம் இரண்டரை மணிக்கு என்றால் இரண்டரை மணி என்றே போகும்.

முதல் வாரமே இத்தலார் ஊர்க்காரர் ஒருவர் மாடிப்படி அதிர ஏறி வந்தார். கேரட் வியாபாரி. மாதம் தவறாமல் சென்னைக்குப் போகிறவர். அலுவலகம் திறந்த நாளிலிருந்து எங்கள் வாடிக்கை.

"ஏனுங்கம்மா, உங்க ஆபீஸ நம்பி நான் நாசமாப் போனேன்!"

"என்னங்க ஆச்சு? உக்காருங்க."

"உக்கார வரலைங்க. ரெண்டரைன்னு மெசேஜ் வந்துச்சு. ரெண்டரைன்னா என்னங்க அர்த்தம்? மூணரைன்னுதான? சாவகாசமா மேட்டுப்பாளையத்துல எறங்கி பிரியாணி சாப்பிட்டுட்டுப் போறேன், கதவைச் சாத்திட்டாங்க. ஏரோப்ளேன் என் தலைக்கு மேல போகுது!"

"ரெண்டரைன்னா ரெண்டரைதானுங்க."

"அப்ப இத்தன வருசமா?"

"இத்தன வருசமா ஒன்றரைன்னு எழுதிக் குடுத்தோமுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்! நீங்க ஒரு மணி நேரம் பொய் சொல்லுவீங்கன்னு நம்பித்தான கெளம்புனேன். திடீர்னு உண்மையச் சொன்னா மனுசன் என்ன பண்றது?"

சார் வாயை மூடிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது. ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. அதே வாரத்தில் ஒரு போர்டிங் பள்ளிக் குடும்பமும் ஒரு ஏலக் கம்பெனிக்காரரும் இதே கணக்கைப் போட்டு விமானத்தைத் தவறவிட்டார்கள். நாங்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "இனிமே மெசேஜ்ல வர்றதுதாங்க நெஜம்" என்று சொல்ல ஆரம்பித்தோம். பாதிப் பேர் அதையும் நம்பவில்லை. டிக்கெட் வாங்கிவிட்டு வராதவர்கள் குன்னூர் அலுவலகத்தில்தான் அதிகம் என்று பெங்களூரில் யாரோ கண்டுபிடித்து, அது என்னவென்று பார்க்க ஒருவரை அனுப்பினார்கள்.

அவர் வாடகைக் காரில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தார். முழுக்கைச் சட்டை, கையில் லேப்டாப் பை, என்னை விடப் பத்து வயது கூட இருக்கும். படியேறி உள்ளே வந்தவர், "வணக்கம் மேடம், ஒரு ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நேராகக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள், அடுத்த நொடியே அந்த நிலைமைக்கு ஆளாகிவிட்டார். வெளியே வந்ததும் என் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன்.

"மோந்து பாருங்க சார். கீழ போறப்ப முன் சீட்டுல உக்காந்துக்கங்க. எனக்கும் இப்படித்தான்."

"உங்களுக்குமா? நீங்க இந்த ஊர்தானே?"

"ஊருக்கும் வயித்துக்கும் சம்பந்தமில்லைங்க சார்."

அவர் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு உட்கார்ந்து, எங்களிடம் டிக்கெட் வாங்கியவர்கள் ஏன் விமானத்துக்கு வருவதில்லை என்று கேட்டார். சார் சிவப்பு மைக் கதையைச் சொன்னார். வந்தவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அப்போ இது சீக்கிரம் சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தார். "எப்படியும் அடுத்த சீசன் அட்டவணைல இருந்து சென்னை விமானம் காலையில ஆறு மணிக்குப் போயிடும். இந்த மத்தியான நேரத்தை ஹைதராபாத்துக்குக் கொடுக்கப் போறோம்."

எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா? எங்க கம்பெனிய எதுக்கு வாங்குனீங்க?"

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மறைக்காமல் சொன்னார். அதற்காக இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. "விமானத்துக்காக இல்ல மேடம். உங்க விமானம் எல்லாமே குத்தகைக்கு எடுத்தது. யார் வேணா போய் எடுக்கலாம். ஆனா அதை ஓட்டப் பழகின பைலட் வேணும்னா, ஒருத்தரைத் தயார் பண்ண ரொம்ப நாளாகும். உங்ககிட்ட தயாரா இருந்தாங்க. கோயம்புத்தூர்ல ராத்திரி விமானத்தை நிறுத்த எங்களுக்கு இடம் கிடைக்கல. உங்களுக்கு இருந்துச்சு. மத்தியானத்துல பறக்க அனுமதி வாங்கின நேரமும் இருந்துச்சு. எங்க பயணிகளுக்கு கோயம்புத்தூர் தாண்டிப் போக விமானம் இல்ல, உங்க பயணிகளுக்கு பெங்களூர் தாண்டிப் போக விமானம் இல்ல. ரெண்டையும் சேர்த்தா ஒரே டிக்கெட்டுல நாலு ஊர் போகலாம். அதுவும் இல்லாம, பெங்களூர் ரூட்ல ரெண்டு பேரும் மோதிக்கிட்டு ரெண்டு பேருமே தேஞ்சுட்டிருந்தோம்."

"ஏறுற ஆளுங்க?"

"அவங்களும்தான். அவங்க விமானத்தோட வருவாங்க."

"வரமாட்டாங்க சார்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "காலைல ஆறு மணி விமானத்துக்கு இங்கிருந்து நடுராத்திரி தாண்டிக் கெளம்பணும். பர்லியார்ல யானை நிக்கற நேரம் அது. எந்த டாக்சிக்காரரும் வரமாட்டாரு. முந்தின நாளே எறங்கி கோயம்புத்தூர்ல ராத்தங்கணும். அப்படி ஒரு ராத்திரிய செலவு பண்றவரு எதுக்கு சார் விமானத்துல போறாரு? மேட்டுப்பாளையத்துல ராத்திரி ரயில் ஏறிப் படுத்தா விடியறப்ப மெட்ராஸ். மத்தியான விமானம் இருக்கறதாலதான் இந்த மலையே உங்ககிட்ட வருது. நேரத்த மாத்துனா, காசு குடுத்து வாங்குன ஆளுங்கள நீங்களே ரயிலுக்கு ஏத்தி அனுப்புனாப்புல ஆயிரும்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி ஏறி, எதிர்க்கட்டடம் மறைந்திருந்தது. பிறகு ராத்திரி ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டு, லேப்டாப்பில் தட்டிக்கொண்டார். போர்டிங் பள்ளிகள் எந்தெந்த மாதம் திறந்து மூடுகின்றன, ஏலம் எந்தக் கிழமை என்று கேட்டார். நானும் சாரும் மாறி மாறிச் சொன்னோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் ஒரு வர்க்கியையும் கருப்புத் தேநீரையும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

கிளம்பும் முன் நானே கேட்டுவிட்டேன். "இந்த ஆபீஸ் இருக்குங்களா சார்?"

அவர் பையை மாட்டிக்கொண்டே நின்றார். "நேரத்தைக் காப்பாத்திக் கொடுக்கலாம்னு நினைக்கிறேன். ஆபீஸை முடியாது மேடம். எல்லா ஊர்லயும் மூடறோம். இனிமே டிக்கெட்டெல்லாம் இன்டர்நெட்லதான். உங்களுக்கு விமான நிலையத்துல கவுன்டர் வேலை கொடுக்கச் சொல்றேன்."

"இந்த விமானம் இத்தனை மணிக்குன்னு முடிவு பண்றாங்களே, அந்த எடத்துல வேலைக்கு எடுப்பீங்களா?"

"அதுக்குத் தனியாப் படிக்கணும். பரீட்சை இருக்கு."

"என்ன படிக்கணும்னு சொல்லுங்க சார். படிச்சுக்கறேன்."

என் குரலில் இருந்த மிடுக்கு எனக்கே கேட்டது. நான் அதைக் குறைத்துக்கொள்ளவில்லை. அவர் தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் ஒரு படிப்பின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த சீசன் அட்டவணை வந்தபோது சென்னை விமானம் மத்தியானத்திலேயே இருந்தது. கால் மணி நேரம் மட்டும் தள்ளியிருந்தார்கள். ஹைதராபாத்துக்கு வேறு நேரம். அதே மாதம் எங்கள் அலுவலகத்தை மூடினார்கள். வாங்கியவர்களுக்கு மத்தியானம் தேவைப்பட்டது, மாடி தேவைப்படவில்லை. கடைசி நாள் சார் பல்பு எரியும் மரப்பெட்டியை பேக்கரிக்காரருக்குக் கொடுத்தார். மாவு புளிக்க வைக்க உதவும் என்று அவர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். எங்களுக்கு மேசையைத் துடைப்பதைத் தவிர வேலை இல்லை. ஆனாலும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். இரண்டு முறை போன் வந்தது. இரண்டும் ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டு.

கோயம்புத்தூர் பீளமேட்டில் பெண்கள் விடுதியில் இடம் பிடித்து, விமான நிலையக் கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஷிப்ட் முடிந்ததும் விடுதிக்கு வந்து அஞ்சல் வழியில் அந்தப் படிப்பைப் படித்தேன். மத்தியான விமானத்துக்கு வரிசை நிற்கும்போது மலையிலிருந்து இறங்கியவர்களைத் தூரத்திலேயே கண்டுகொள்வேன். கோயம்புத்தூர் வெயிலில் இடுப்பில் ஸ்வெட்டரைச் சுற்றியிருப்பார்கள். கைப்பையில் தைல வாசனை அடிக்கும். வர்க்கிப் பெட்டியை ஸ்கேனரில் வைக்கும்போது, உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி காவலரிடம் கெஞ்சுவார்கள். "ரோடு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்பேன். சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்போதெல்லாம் எங்கள் மாடி நினைவுக்கு வரும். அந்த மூன்று வருடத்தில் யாரும் எங்களிடம் வெறும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனதில்லை என்பது கவுன்டருக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பரீட்சையில் தேறியதும் பெங்களூரில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், "ஒரு சின்ன விமானக் கம்பெனி இன்னொரு சின்ன கம்பெனியை எதற்காக வாங்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பைலட், இரவு நிறுத்துமிடம், நேரம், போட்டி என்று புத்தகத்தில் இருந்ததையெல்லாம் சொன்னேன். பிறகு, வாங்குகிறவர்கள் ஏறும் ஆட்களைப் பார்க்காமல் வாங்கினால், வாங்கியது கையில் நிற்காது என்றும் சொன்னேன். உதாரணம் கேட்டார்கள். ஒரு மினிபஸ்ஸின் கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது கொஞ்சம் நீளமாகவே போனது. யாரும் குறுக்கே பேசவில்லை.

இந்த மாதம் முதல் விமான நேரங்களைப் போடும் பிரிவில் இருக்கிறேன். வேலைக்குப் புதியவர்களிடம் யாரும் விரும்பாத ஊரைத்தான் முதலில் கொடுப்பார்களாம். எனக்குத் தூத்துக்குடி வந்திருக்கிறது. கம்பெனி அங்கே புதிதாகப் பறக்கத் தொடங்கப் போகிறது. நான் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. பக்கத்து மேசைக்காரர் வேறு ஊரின் அட்டவணையில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் போதும் என்றார். நான் நேற்று அங்குள்ள பஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். திருநெல்வேலியிலிருந்து வரும் பஸ் விமான நிலைய வாசலில் நிற்குமா, ஏறுகிறவர்கள் கண்டக்டரிடம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டுமா, காலையில் முதல் வண்டி எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டு, அதன்படி ஒரு நேரத்தைப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன்.